டென்ட்டைச் சுமக்காதீங்க... போற இடத்துல வாடகைக்கு எடுங்க!

ஆறுமுகநேரி ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் அதிக நேரம் நிற்காது. அதற்குள் பிள்ளைகளை ஏற்றி, பெட்டிகளை ஏற்றி, தண்ணீர் கேனை ஏற்றி, கடைசியில் பெரியவர்களையும் கைபிடித்து ஏற்றிவிட வேண்டும். இந்த அழகில் ஒரு டென்ட், நாலு ஸ்லீப்பிங் பேக், தரையில் விரிக்கிற மேட், ஸ்டவ் என்று கேம்பிங் சாமான்களும் சேர்ந்தால் என்ன ஆகும்?

ஆனாலும் சேர்த்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். ரீல்ஸில் மணாலி பனியையும் கொழுக்குமலை சூரிய உதயத்தையும் பார்த்த கையோடு ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பெட்டியைத் தூக்கிப் பார்க்கும்போதுதான் விஷயம் புரிகிறது. நாலு பேர் படுக்கிற சாதாரண டென்ட் 5, 6 கிலோ இருக்கும். குளிருக்கான ஸ்லீப்பிங் பேக் ஒவ்வொன்றும் ஒன்றரை, இரண்டு கிலோ. மேட், விளக்கு, சமையல் சாமான் எல்லாம் சேர்த்தால் 15 கிலோவைத் தாண்டிவிடும். உள்நாட்டு விமானத்தில் பல கம்பெனிகள் ஓர் ஆளுக்கு இலவசமாக அனுமதிக்கிற செக்-இன் லக்கேஜே 15 கிலோதான். ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ வரை கொண்டுபோகலாம் என்றாலும், சீட்டுக்கு அடியில் அத்தனையும் எங்கே நுழையும்?

சுமை ஒரு பக்கம் இருக்கட்டும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது.

உப்புக்காற்றுக்குத் தாங்குமா?

ஆறுமுகநேரியைச் சுற்றிலும் உப்பளம். பக்கத்தில் காயல்பட்டினம், திருச்செந்தூர் என்று கடல். இந்தக் காற்றில் இரும்பு கேட் என்ன பாடுபடும், சைக்கிள் செயின் எத்தனை சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. டென்ட்டில் இருக்கிற உலோக ஜிப், கம்பிகளின் இணைப்பு, தரையில் அடிக்கிற ஆணி எல்லாவற்றுக்கும் அதே கதிதான். ஒரு தடவை போய்விட்டு வந்து பரணில் போட்டு, இரண்டு வருஷம் கழித்து எடுத்தால் ஜிப் அசையாது.

அதைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். மழைநீர் உள்ளே இறங்காமல் இருக்க, பெரும்பாலான டென்ட் துணிகளின் மேல் பாலியூரித்தேன் பூச்சு கொடுத்திருப்பார்கள். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் மடித்தே வைத்திருந்தால் அந்தப் பூச்சு மெல்ல மெல்லச் சிதையும். விரித்துப் பார்த்தால் துணி பிசுபிசுவென்று ஒட்டும், ஒரு மாதிரி புளித்த வாடை அடிக்கும், பூச்சு உரிந்து உதிரும். அதற்கு அப்புறம் அது மழைக்கு உதவாது. ஸ்லீப்பிங் பேக்கும் அப்படித்தான். அதைச் சின்னப் பைக்குள் திணித்தே மாதக்கணக்கில் வைத்தால் உள்ளே இருக்கிற பஞ்சோ இறகோ அமுங்கி, சூடு தாங்கும் சக்தி குறைந்துபோகும். பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட வேண்டும். நாலு பேருக்கு நாலு மூட்டை! அதற்கு எந்த வீட்டில் இடம் இருக்கிறது?

மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வமான ஊரில், பனிமலைக்கான ஸ்லீப்பிங் பேக் வருஷத்தில் 360 நாள் சும்மா கிடக்கத்தான் செய்யும்.

அண்டா வாங்கியா கல்யாணம் செய்தோம்?

வாடகைக்கு எடுப்பதில் நம் ஆட்களுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. கல்யாணம் என்றால் அண்டா, குண்டான், ஜமுக்காளம், நாற்காலி, பந்தல், சீரியல் லைட் எல்லாமே வாடகைதான். பாத்திரத்தை எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பிக் கொடுத்து, ஒரு கரண்டி குறைந்தாலும் அதற்குக் காசு கட்டிவிட்டு வருவார்கள். டென்ட் வாடகையும் இதே கணக்குதான், ஊர் மட்டும்தான் வேறு.

வீட்டை விட்டு வெளியே போய்த் தங்குவதும் தூத்துக்குடி, நெல்லைக்காரர்களுக்குப் புதிதில்லை. கந்த சஷ்டி விரதம் இருக்கிறவர்கள் திருச்செந்தூர் கோயில் வளாகத்திலேயே ஆறு நாளும் தங்குகிறார்கள். அவர்களுக்காகக் கோயில் நிர்வாகம் தற்காலிகக் கொட்டகை போடுகிறது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் தாமிரபரணிக் கரையில் குடில் போட்டுத் தங்கி, அங்கேயே பொங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. நம்ம ஊர் கேம்பிங் இதுதான். யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை, அவ்வளவே.

அந்தக் காலத்தில் கம்பு, ஓலை, தார்ப்பாய், விறகு, பாத்திரம் என்று வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போவார்கள். கோயில் இருப்பதோ களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். அதனால் சமீப வருஷங்களில் தங்குகிற நாட்களுக்கும் தனியார் வாகனங்களுக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. கீழே அகஸ்தியர்பட்டியில் வண்டியை நிறுத்திவிட்டு அரசுப் பஸ்ஸில் போக வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் எவ்வளவு சாமான் ஏற்ற முடியும்? பிளாஸ்டிக்குக்கும் தடை. எதைக் கொண்டுபோவது, எதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்வது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஆடி பிறந்ததும் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

கூடவே கொண்டுபோகக் கூடாத ஒன்று

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை. லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் தனி ரயில் பெட்டி, நாகர்கோவில் பக்கமிருந்து வந்து மதுரையில் கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே சிலர் டீ போட அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார்கள். அவர்கள் சட்டவிரோதமாகக் கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரால் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்துபோனார்கள். போகிற இடத்தில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, நாமே சமைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு நம் வீடுகளிலும் உண்டு. அதனால்தான் இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரயிலில் கேஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய், பெட்ரோல் என எரியக்கூடிய எதையும் கொண்டுபோகக் கூடாது. மீறினால் 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்தே கிடைக்கலாம். கேம்பிங் ஸ்டவ்வுக்கான கையளவு கேஸ் கேனும் இதில் அடக்கம். விமானத்திலோ கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. ஸ்டவ்வையும் கேஸையும் போகிற இடத்தில் வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோதான் ஒரே வழி. 'சின்னதுதானே, யாருக்குத் தெரியப்போகுது' என்கிற சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவர் பையை மட்டும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

எங்கே கிடைக்கும்?

மணாலி, லே மாதிரியான ஊர்களில் ஜாக்கெட், ஷூ, டென்ட், ஸ்லீப்பிங் பேக் எல்லாவற்றையும் நாள் வாடகைக்குத் தருகிற கடைகள் கடைத்தெருவிலேயே இருக்கின்றன. நேபாளம் போனால் காத்மாண்டுவில் தமேல் என்கிற ஒரே ஏரியா போதும். யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் மாதிரியான அமைப்புகள் நடத்துகிற மலைப் பயணங்களில் கூடாரம் அடித்தே இருக்கும், முதுகுப் பையும் ஸ்லீப்பிங் பேக்கும் பேஸ் கேம்ப்பில் தருவார்கள். தெற்கே, சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் கொழுக்குமலை போகிறவர்களுக்குக் கூடாரம் போட்டே வைத்து வாடகைக்கு விடுகிறார்கள். சென்னை, பெங்களூரிலும் டென்ட் வாடகைக் கடைகள் உண்டு. ரயில் மாறுகிற ஊரில் எடுத்துக்கொண்டு, திரும்புகிற வழியில் கொடுத்துவிட்டு வருவது பலருக்குத் தோதாக இருக்கும்.

தமிழ்நாட்டு மலைகளில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டென்ட் கையில் இருக்கிறது என்பதற்காகக் காட்டுக்குள் நினைத்த இடத்தில் அடிக்க முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. அனுமதி இல்லாமல் வனப்பகுதிக்குள் நுழைவதே குற்றம். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இருக்கின்றன. ஆன்லைனில் பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு போகலாம். காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள், அதைப் பார்த்துத் தேதி போடுங்கள்.

தனியார் இடத்தில் டென்ட் வாடகைக்கு எடுத்தாலும், அந்த இடத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி பக்கம் ஒரு ரிசார்ட்டின் டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி இறந்தார். படத்தில் அழகாகத் தெரிகிற காட்டோரம்தான் யானை நடக்கிற வழியாகவும் இருக்கும்.

வாங்கும்போதே பிரித்துப் பாருங்கள்

வாடகைக் கடையில் டென்ட்டைப் பையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. அங்கேயே ஒரு தடவை விரித்து நிற்கவையுங்கள். கம்பி எத்தனை, ஆணி எத்தனை என்று எண்ணுங்கள். ஜிப்பை மேலும் கீழும் இரண்டு தடவை இழுங்கள். மேல்விரிப்பு இருக்கிறதா, தரைத்துணியில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். முன்பே கிழிந்திருப்பதை எல்லாம் கடைக்காரர் முன்னாலேயே மொபைலில் வீடியோ எடுத்துவிட்டால் பின்னால் வாக்குவாதம் வராது. 'நாலு பேர் டென்ட்' என்று எழுதியிருந்தால் மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம் என்று அர்த்தம் செய்துகொள்ளுங்கள். பைகள் வைக்கவும் இடம் வேண்டுமே.

ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு மூன்று டிகிரிகள் அச்சிட்டிருப்பார்கள். 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிரோடு தாக்குப்பிடிக்க மட்டும் போதுமான அளவு. அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கிற எண்தான் நமக்கு. அதுவும் ஆறுமுகநேரி வெயிலில் பழகிய உடம்புக்கு, போகிற ஊரின் இரவுக் குளிரைவிட ஐந்து டிகிரியாவது கூடுதலாகத் தாங்குகிற பையை எடுப்பதுதான் நல்லது. ஜனவரியில் கொடைக்கானல் இரவே ஒற்றை இலக்க டிகிரிக்கு இறங்கிவிடும்.

யார் யாரோ படுத்த பைக்குள் எப்படிப் படுப்பது என்று பாட்டிமார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு வீட்டிலேயே வழி இருக்கிறது. எட்டு முழ வேட்டியை நீளவாக்கில் பாதியாக மடித்து, இரண்டு ஓரத்தையும் தைத்துவிட்டால் ஆள் நுழைகிற பை தயார். அதற்குள் நுழைந்து, அதோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்துக்கொள்ளலாம். சேற்றுப்புண், சொறி பயம் குறையும், கொஞ்சம் கதகதப்பும் கூடும். ஊருக்கு வந்ததும் துவைத்துக்கொள்ளலாம்.

ஷூவை மட்டும் வாடகைக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. பனியில் நடக்கிற ஸ்பெஷல் பூட்ஸ் வேறு விஷயம். நடைக்கான ஷூ காலில் பழகியதாக இருக்க வேண்டும். அடுத்தவர் காலுக்குப் படிந்த ஷூவைப் போட்டுக்கொண்டு மலையேறினால் முதல் நாளே கொப்புளம் வந்துவிடும்.

ஸ்டவ் எடுத்தால் கேஸ் கேனை மாட்டி, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் வேறு கேளுங்கள். எவ்வளவு குளிரடித்தாலும் மூடிய டென்ட்டுக்குள் அடுப்பு, கரி, கேஸ் ஹீட்டர் எதையும் எரியவிடக் கூடாது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் ஊரில், கேரளாவிலிருந்து போன 8 பேர், அதில் நாலு பேர் குழந்தைகள், அறையைச் சாத்திக்கொண்டு கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கினார்கள். காலையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, இருமலும் வராது.

சொந்தமாக வாங்குவது யாருக்கு லாபம்?

ஒரு டென்ட்டின் விலை 6,000 ரூபாய், வாடகை ஒரு நாளைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 நாள் தங்கினால்தான் வாங்கிய காசு தேறும். வருஷத்துக்கு மூன்று நாள் டூர் போகிற குடும்பத்துக்கு அதற்கே ஏழு வருஷம் ஆகும். அதுவரை உப்புக்காற்று விட்டுவைக்க வேண்டுமே! மாதம் ஒரு மலை ஏறுகிற இளவட்டங்கள் வாங்கிக்கொள்ளட்டும், அவர்களுக்குக் கணக்கு உதைக்காது. மற்றவர்கள் டார்ச், பவர் பேங்க், மருந்து, வேட்டிப் பை, பழகிய ஷூ ஆகியவற்றோடு கிளம்பலாம். விமானம் என்றால் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

சீசன் நேரமானால் போன பிறகு தேடாமல், ஒரு வாரத்துக்கு முன்பே போனில் சொல்லிவைத்துவிடுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு, கிழிந்தால் எவ்வளவு பிடிப்பார்கள், ஒரு நாள் என்பது 24 மணி நேரமா அல்லது சாயங்காலத்தோடு முடிகிறதா என்று முன்னாலேயே கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம். ஒரிஜினல் ஆதாரை அடமானம் மாதிரி கேட்கிற கடைகள் உண்டு. கொடுக்க வேண்டாம். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு ஆதார்' பிரதி போதும் என்று சொல்லுங்கள்.

கடைசி நாள் காலையில் டென்ட்டை மடிக்கிற அவசரத்தில் பனி ஈரத்தோடு சுருட்டாதீர்கள். அரை மணி நேரம் வெயிலில் உதறிப் போட்டால் காய்ந்துவிடும். ஈரத்தோடு கொடுத்தால் அட்வான்ஸில் கைவைப்பார்கள், அடுத்து வருகிற குடும்பத்துக்குப் பூஞ்சை வாடையோடு கிடைக்கும். எண்ணி வாங்கிய ஆணிகளை எண்ணிக் கொடுத்து, அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகு பஸ் ஏறுங்கள்.