துடுப்பில்லாப் பலகை: ‘ஏன்’ என்று கேட்போம்

மாணவர்களே, விளக்கக் கட்டுரையில் தகவலை அடுக்கினால் மட்டும் போதாது; காரணமும் வேண்டும். ஹவாய்த் தீவுகளின் அலைச்சறுக்குப் பலகையை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம்.

இன்றைய பலகைகளின் அடியில் மீன்துடுப்பு போன்ற தகடு இருக்கும். பலகை பக்கவாட்டில் வழுக்காமல் அது தடுக்கும். 1935இல் டாம் பிளேக் என்பவர் இதைப் பொருத்தினார். அதற்கு நெடுங்காலம் முன்பே ஹவாய் மக்கள் ‘அலாயா’ என்னும் மெல்லிய மரப்பலகையில் துடுப்பே இல்லாமல் சறுக்கினார்கள். வழுக்காதா? வழுக்கும்தான். ஆனாலும், மெல்லிய ஓரம் அலையின் சரிவில் கத்திபோல் பதிவதால் பலகைக்கு ஓரளவு பிடிமானம் கிடைக்கும்.

மரமும் முக்கியம். கோவா மரம் உறுதியானது. ஆனால் கனம் அதிகம். விலிவிலி நன்றாக மிதக்கும், ஆனால் மென்மையானது. ஆஸ்திரேலியாவில் அலாயாவுக்குப் புத்துயிர் கொடுத்த டாம் வெக்னர், பாலோனியா மரத்தைத் தேர்ந்தெடுத்தார். ஏனெனில், அது எடை குறைந்தது. உப்புநீரையும் அதிகம் உறிஞ்சாது.

வீட்டில் செய்து பார்ப்பவர்கள் ஒரே வடிவத்தை இரு மரங்களில் செய்தால் மரத்தின் பங்கு தெரியும். ஒரே மரத்தில் அடிப்பகுதியின் குழிவை மட்டும் மாற்றினால் வடிவத்தின் பங்கு புரியும். இரண்டையும் ஒன்றாக மாத்திட்டா, எது காரணம்னு எப்படிச் சொல்வது?

ஆசிரியர்களே, இதைக் கருத்துணர்தல் பகுதியாகப் பயன்படுத்தலாம். ‘எந்த மரம்?’ என்பதோடு நிறுத்தாமல், ‘ஏன் அந்த மரம்?’ என்றும் கேளுங்கள். விடையில் ‘ஏனெனில்’, ‘ஆதலால்’ ஆகிய சொற்கள் தாமாகவே வந்து அமரும்.