பள்ளிப் பிள்ளைக்கும் தலையளவு பார்க்கலாமா?

"பையனுக்கு ஏழு வயசாகுது. கூடப் படிக்கிற பசங்களைவிட தலை பெருசா தெரியுதே, டாக்டர்?" மதுரையில் பழங்காநத்தம், டி.வி.எஸ். நகர், ஜெய்ஹிந்துபுரம் என எந்தப் பகுதித் தாய்க்கும் வரக்கூடிய சந்தேகம் இது. தீர்த்துக்கொள்ள ஒரு டேப்பும் பிள்ளையின் பழைய தடுப்பூசி அட்டையும் வேண்டும். டேப்பைச் சரியாகப் பிடிப்பதும், கிடைத்த எண்ணைச் சரியாகப் படிப்பதும்தான் முக்கியம்.

ஐந்து வயதுக்குள் பெரும்பகுதி

பிறக்கும்போது தலைச் சுற்றளவு சுமார் 34 முதல் 35 செ.மீ. இருக்கும். ஒரு வயதில் ஆண் குழந்தைக்குச் சராசரியாக 46, பெண் குழந்தைக்கு 45 ஆகிவிடும். ஐந்து வயதில் பையன்களுக்கு 50.7, பெண் பிள்ளைகளுக்கு 49.9. உலக சுகாதார நிறுவனத்தின் இந்த அளவுகளுக்காக ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள். நம் டெல்லிக் குழந்தைகளும் அதில் உண்டு.

ஐந்து வயதுக்குப் பிறகு பெரியவராகும் வரை கூடுவது மொத்தமே ஐந்து செ.மீ. அளவுக்குத்தான். வருடத்துக்கு அரை செ.மீ.கூட இல்லை. 5 முதல் 19 வயதுக்கென உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அட்டவணைகளில் உயரம், எடை, உடல் நிறை குறியீடு மட்டுமே உள்ளன. பள்ளி வயதில் தலையளவை ஒப்பிட, 18 வயது வரை செல்லும் நெல்ஹாஸ் வரைபடம் (1968) போன்றவற்றை டாக்டர்கள் பார்க்கிறார்கள்.

டேப் பிடிக்கும் முறை

தையலுக்குப் பயன்படுத்திப் பழசான துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும், அது வேண்டாம். இழுபடாத டேப் நல்லது. ரெட்டைச் சடை, ரிப்பன், கிளிப், பூ எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். முன்னால் புருவத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் காதுகளுக்கு மேலே, பின்னால் மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தில் டேப் போக வேண்டும். முடி அமுங்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்து, மூன்று தடவை அளந்து, பெரிய அளவை எழுதுங்கள்.

சடையோடு அளந்தால் ஒரு செ.மீ. எளிதாகக் கூடிவிடும். இந்த வயதில் அது இரண்டு வருட வளர்ச்சிக்குச் சமம்.

எண் சொல்வது என்ன?

ஒரே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசைப்படுத்தினால், இரண்டு ஓரங்களிலும் வரும் இரண்டு மூன்று பேரைத்தான் 'சிறிய தலை', 'பெரிய தலை' என்று மருத்துவம் கவனிக்கிறது. அவர்களிலும் பலருக்குக் கோளாறு எதுவும் இருக்காது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பெரிய தலை என்றால் பிள்ளைக்கும் அப்படியே அமையலாம். எனவே டாக்டர்கள் பெற்றோரின் தலையையும் சேர்த்து அளப்பார்கள்.

தனி எண்ணைவிட, தடுப்பூசி அட்டையில் குறித்திருந்தால் அந்தக் குழந்தைப் பருவ அளவோடு ஒப்பிடுவதே பயன் தரும். அன்றும் இன்றும் வரைபடத்தில் ஒரே கோட்டை ஒட்டி வந்தால் நிம்மதி. தலை அளவை வைத்துப் புத்திசாலித்தனத்தை எடை போட முடியாது.

பிறக்கும்போது மூச்சுத்திணறல், கர்ப்ப காலத்தில் ருபெல்லா போன்ற தொற்று, மரபணுக் குறைபாடு ஆகியவற்றால் தலை சிறுத்துப்போகலாம். சில மரபணுக் குறைபாடுகளின் வாய்ப்பு, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் கூடுதல். சிறுவயதிலேயே மூளையில் நீர் கோர்த்தால் தலை பெருக்கும்.

டேப்பில் தெரியாத ஆபத்து

கைக்குழந்தைக்கு உச்சிக்குழி மூடியிருக்காது. உள்ளே அழுத்தம் கூடினால் தலை விரியும். பள்ளி வயதில் மண்டையோடு இறுகிவிடுவதால், மூளைக்காய்ச்சலோ கட்டியோ அழுத்தத்தைக் கூட்டினாலும் அளவு பெரிதாக மாறாமல் இருக்கலாம். காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிதல், நடையில் தள்ளாட்டம், வலிப்பு, படிப்பிலும் குணத்திலும் திடீர் மாற்றம் ஆகியவை இருந்தால் டேப்பைத் தேடாமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

மதுரையில் எங்கே போவது?

2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவக் குழு வருகிறது. சந்தேகத்தை ஆசிரியர் வழியாக அவர்களிடம் சொல்லலாம். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டலாம். மேல் பரிசோதனைக்கு அரசு ராஜாஜி மருத்துவமனையில் குழந்தைகள் நலம், நரம்பியல் பிரிவுகள் உள்ளன.

போகும்போது தடுப்பூசி அட்டையை எடுத்துச் செல்லுங்கள். அட்டை தொலைந்திருந்தால் இன்றே அளந்து தேதி போட்டு எழுதி வையுங்கள். டாக்டர் சொல்லும் இடைவெளியில் அதே முறையில் மறுபடி அளந்தால் ஒப்பிட ஓர் அளவு கையில் இருக்கும்.