கோர்ட்டுப் படி ஏறிய வவ்வால் கார்!

கதாநாயகன் ஒரு கதாபாத்திரம். வில்லன் ஒரு கதாபாத்திரம். நாலு சக்கரமும் ஒரு என்ஜினும் உள்ள மோட்டார் காரும் ஒரு கதாபாத்திரம்தான் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

சொன்னவர்கள் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு நீதிபதிகள்! 2015-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் இந்தத் தீர்ப்பு வந்தது. வழக்கில் சிக்கிய கார், "பேட்மேன்" படங்களில் வருகிற "பேட்மொபைல்" என்ற வவ்வால் கார்.

பேட்மேன், பகலில் புரூஸ் வேன் என்ற கோடீசுவரன். இரவில் வவ்வால் முகமூடி போட்டுக்கொண்டு திருடர்களை வேட்டையாடும் வீரன். மற்ற சாகச வீரர்களைப் போல அவனுக்குப் பறக்கும் சக்தி கிடையாது. ஓடும் திருடனைப் பிடிக்க வேண்டுமானால் அவனுக்குக் கார் வேண்டும்.

கலிபோர்னியாவில் ஒருவர், அந்தக் காரைப் போலவே கார்கள் செய்து விற்றுவந்தார். ஒன்றின் விலை சுமார் 90 ஆயிரம் டாலர். பேட்மேன் கதைக்குச் சொந்தக்காரர்களான டி.சி. காமிக்ஸ் கம்பெனியார் 2011-ல் அவர் மீது வழக்குப் போட்டார்கள். "எங்கள் அனுமதி இல்லாமல் எங்கள் காரைச் செய்கிறார்" என்பது புகார்.

அவர் தரப்பு வாதமும் லேசானது அல்ல. "இந்தக் கார் படத்துக்குப் படம் உருவம் மாறுகிறது. நிலையான உருவம் இல்லாத ஒன்றைக் கதாபாத்திரம் என்று எப்படிச் சொல்வது?" என்பது அதன் சாரம். தோற்றால் அவர் தொழில் போய்விடும்.

உருவம் மாறியது உண்மையா? உண்மைதான்.

கூரையை மூடினால் வீரன்!

பேட்மேன் முதன்முதலில் தோன்றியது 1939-ல், சித்திரக் கதையில். அப்போது அவன் ஓட்டியது சாதாரணச் சிவப்பு நிறக் கார். 1941-ல்தான் "பேட்மொபைல்" என்ற பெயர் வந்தது. அதே ஆண்டில் காரின் முன்பக்கம் பெரிய வவ்வால் முகமும், மேலே துடுப்பும் முளைத்தன.

சினிமாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1943-ல் கொலம்பியா கம்பெனி 15 பாகங்கள் கொண்ட தொடர் படம் எடுத்தது. செலவைச் சுருக்கி எடுத்த படம். தனிக் கார் செய்யப் பணம் ஏது? ஒரு காடிலாக் காரை வைத்தே சமாளித்தார்கள். மேல் கூரையை மூடினால் அது பேட்மேன் கார். கூரையைத் திறந்தால் புரூஸ் வேன் கார்! இந்த ரகசியத்தை ஊரில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் படத்தின் பெரிய அதிசயம்.

1949-ல் வந்த இரண்டாவது தொடர் படத்திலும் அதே கதை. கார் மட்டும் மெர்க்குரி.

விலை ஒரு டாலர்

வவ்வால் காருக்கு உண்மையாக உயிர் வந்தது 1966-ல்.

ஏ.பி.சி. டெலிவிஷனில் ஆடம் வெஸ்ட் நடிக்கும் புதிய "பேட்மேன்" தொடருக்கு ஏற்பாடு நடந்தது. கார் செய்யும் வேலையை முதலில் டீன் ஜெப்ரிஸ் என்பவரிடம் கொடுத்தார்கள். அவர் ஒரு காடிலாக்கை வாங்கி வேலையைத் தொடங்கினார். திடீரென்று, "ஜனவரி மாதமே ஒளிபரப்பு" என்று தேதியை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். "அதற்குள் முடியாது" என்று அவர் விலகிக்கொண்டார்.

வேலை ஜார்ஜ் பேரிஸ் கைக்கு வந்தது. ஹாலிவுட் பக்கத்தில் விசித்திரக் கார்கள் செய்வதில் பேர்போனவர். அவர் தலையிலும் அதே கெடு விழுந்தது. கையில் இருந்தது மூன்றே வாரம்! மூன்று வாரத்தில் தகட்டை வெட்டி முழுக் காரைச் செய்ய எந்த மந்திரவாதியாலும் முடியாது. அப்போது அவர் பார்வை, தன்னிடம் சும்மா கிடந்த ஒரு பழைய கார் மீது விழுந்தது.

அதன் பெயர் லிங்கன் பியூச்சரா. 1955-ல் கண்காட்சிக்காகப் போர்டு கம்பெனி செய்வித்தது. இத்தாலியில், டூரின் நகரில் கியா பட்டறைக்காரர்கள் கையாலேயே அடித்துச் செய்தார்கள். செலவு சுமார் 2½ லட்சம் டாலர் என்று சொல்வார்கள். கடல் மீனைப் போன்ற உடல். ஓட்டுகிறவர் தலைக்கு மேல் ஒரு கண்ணாடிக் குமிழி, பக்கத்தில் உட்காருகிறவருக்கு இன்னொரு குமிழி!

கண்காட்சி முடிந்தது. அந்த மாதிரிக் காரை யாரும் விற்பனைக்குத் தயாரிக்கவில்லை. 1959-ல் சிவப்புச் சாயம் பூசி ஒரு ஹாலிவுட் படத்தில் காட்டினார்கள். அதற்குப் பிறகு சீந்துவார் இல்லை. கடைசியில் பேரிஸ் கொடுத்த விலை, வெறும் ஒரு டாலர்.

அந்தக் காருக்குப் பிறவியிலேயே துடுப்புகள் இருந்தன. வவ்வால் இறக்கையாக மாறுவதற்கு அதுவே போதும்! பில் குஷன்பெரி என்ற கைதேர்ந்த தகட்டு வேலைக்காரர் துடுப்பின் ஓரங்களை வவ்வால் இறக்கைபோல வளைத்தார். மூக்குப் பக்கம் முகமூடிச் சாயல் வந்தது. கறுப்புச் சாயம் பூசி, ஓரங்களில் சிவப்புக் கோடு இழுத்தார்கள். பின்னால் நெருப்புக் கக்கும் குழாய். சட்டென்று திரும்புவதற்குப் பாராசூட். உள்ளே டெலிபோன். புகழ் முழுவதும் பேரிசுக்குப் போயிற்று. சுத்தியல் பிடித்த குஷன்பெரியின் பெயர் பலருக்குத் தெரியாது.

1966 ஜனவரி 12-ந் தேதி தொடர் தொடங்கியது. சிறுவர்கள் டெலிவிஷன் முன்னால் கூடிவிட்டார்கள். மலைக் குகையிலிருந்து கார் சீறிக்கொண்டு வரும் காட்சியை எத்தனை தடவை காட்டினாலும் அலுக்கவில்லை. அது லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்துப் பிரான்சன் பள்ளத்தாக்குக் குகை. வாசல் குறுகல். கார் மெதுவாகத்தான் வெளியே வந்தது. படத்தை வேகமாக ஓட்டி, பாய்ந்து வருவதுபோலக் காட்டினார்கள்!

கண்காட்சியில் நிற்பதற்காகச் செய்த கார், ஓடச் சொன்னால் சும்மா இருக்குமா? என்ஜின் சூடேறித் தொல்லை கொடுத்தது. பிறகு வேறு போர்டு காரின் என்ஜினைப் பொருத்தினார்கள். 1968-ல் தொடர் முடிவதற்குள் 120 பாகங்கள் வந்துவிட்டன.

இருட்டிலே ஒரு மிருகம்

21 ஆண்டுகளுக்குப் பிறகு, 1989-ல் டைரக்டர் டிம் பர்ட்டன் "பேட்மேன்" படம் எடுத்தார். வேடிக்கைத் தொடரின் சாயலே இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். கலை நிர்மாணம் ஆன்டன் பர்ஸ்ட். லண்டன் அருகே பைன்வுட் ஸ்டூடியோவில் இருண்ட நகரம் ஒன்றையே எழுப்பினார். அந்த வேலைக்கு அவருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. செவர்லே இம்பாலா காரின் அடிச்சட்டத்தின் மீது அவர் குழுவினர் உட்கார்த்திய உருவம் நீளமானது, கன்னங்கரேலென்றது. முன்னால் ஜெட் விமானத்தின் வாய். பழைய காரைக் கண்டு சிறுவர்கள் கை தட்டினார்கள். இதைக் கண்டு கொஞ்சம் பயந்தார்கள்.

1992-ல் அதே கார் இரண்டு பக்கங்களையும் உதறிவிட்டு, ஒடுங்கிய சந்துக்குள் ஏவுகணைபோல நுழைந்தது. 1995, 1997 படங்களில் கார் ஒரே வண்ண விளக்கு மயம். அலங்காரம் கூடிற்று, மிரட்டல் குறைந்துவிட்டது.

பிறகு வந்தார் கிறிஸ்டோபர் நோலன். "பேட்மேன் பிகின்ஸ்" படம் 2005-ல் வெளிவந்தது. நோலனும் கலை நிர்மாணி நேதன் கிரவுலியும், நோலன் வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து, கடையில் விற்கும் பொம்மைப் பாகங்களை ஒட்டிப் பார்த்தே இந்தக் காருக்கு உருவம் கொடுத்தார்கள். ஓட்டப் பந்தயக் காரும் ராணுவ வண்டியும் சம்பந்தம் செய்துகொண்டால் பிறக்கும் பிள்ளை போல இருந்தது! துடுப்பும் இல்லை, வவ்வால் முகமும் இல்லை. எடை இரண்டு டன்னுக்கு மேல். நின்ற இடத்திலிருந்து ஆறே விநாடிக்குள் மணிக்கு 60 மைல் வேகம். சிகாகோ தெருக்களில் நிஜமாகவே ஓட்டிப் படம் பிடித்தார்கள். 1966 காருக்கு இல்லாத பெருமை இது.

நீதிபதிகளின் பதில்

ஒரே பெயரில் இத்தனை உருவங்கள். கார் செய்து விற்றவர் சொன்னது சரிதானே?

நீதிபதிகள் வேறு கோணத்தில் பார்த்தார்கள். ஜேம்ஸ் பாண்டாக எத்தனையோ நடிகர்கள் நடித்தார்கள். முகம் மாறியதால் பாண்ட் வேறு ஆள் ஆகிவிட்டானா? அதுபோல இந்தக் காருக்கும் மாறாத குணங்கள் உண்டு. வவ்வால் சாயல் உண்டு. வேகம் உண்டு. புதுப்புது ஆயுதங்கள் உண்டு. குற்றவாளிகளைத் துரத்துவதே அதன் தொழில். ஆகவே இது கதாபாத்திரமே. கதைக்காரர்களுக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தார்கள்.

அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2016-ல் அந்தக் கோர்ட்டு வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. எந்த மாற்றத்தைக் காட்டி அவர் தப்ப நினைத்தாரோ, அது அவருக்குக் கைகொடுக்கவில்லை.

கார் மாறுவதும் நிற்கவில்லை. 2022-ல் வந்த "தி பேட்மேன்" படத்தில் அது பட்டறையில் சொந்தக் கையால் தட்டிக்கொட்டிய பழைய அமெரிக்கக் கார் போலத் தோன்றியது. பின்பக்கம் என்ஜின் வெளியே தெரியும். கொட்டும் மழையில், இருட்டிலிருந்து அது உறுமிக்கொண்டு கிளம்பும்போது வில்லன் நடுங்குகிறான்.

சரி, அந்த ஒரு டாலர் கார் என்ன ஆயிற்று?

பேரிஸ் அதைச் சினிமாக் கம்பெனிக்கு விற்கவே இல்லை. வாடகைக்குத்தான் விட்டார்! ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தன்னிடமே வைத்திருந்தார். கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே, 2013 ஜனவரியில், அரிசோனா மாநிலத்தில் அது ஏலத்துக்கு வந்தது. கட்டணமும் சேர்த்து 46 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. ஏலம் எடுத்தவர் நிருபர்களிடம், சுவரை இடித்து அதைத் தன் வீட்டு வரவேற்பறைக்குள் நிறுத்தப்போவதாகச் சொன்னார்.