பட்டுப்புடவை ஃபால்ஸ்... தையல் தெரியாம தைக்கிறது எப்படி?

ஆவடியில 1961-ல் தொடங்கின ராணுவ உடைத் தொழிற்சாலையில தைக்கிற சீருடைக்கு மெஷின் தையல்தான் பலம். பட்டுப்புடவை வேற கதை. ஆனா, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் அவசரத்துக்கு ஃபால்ஸ் கொடுத்தா, சில கடைகள்ல ரெண்டு ஓரத்தையும் மெஷின்லயே ஓட்டிடுறாங்க. மேல் ஓரத்துக் கோடு வெளியே பளிச்னு தெரியும். பிரிச்சாலும் ஊசித் துளை நிக்கும்.

காட்டன் ஃபால்ஸை முதல்ல நனைச்சு, காயவெச்சு, அயர்ன் பண்ணிடுங்க. இல்லைன்னா பின்னாடி அது சுருங்கி, புடவையையும் இழுத்துடும். கீழ் ஓரம் புடவை விளிம்போடு போயிடும், அங்கே மெஷின் ஓகே. மேல் ஓரத்துக்குத்தான் கை ஹெம்மிங்.

மெல்லிய ஊசி, புடவை நிறத்துல ஒற்றை நூல். ஃபால்ஸோட மடிப்புக்குள்ள ஊசியை அரை சென்டிமீட்டர் ஓட்டி வெளியே எடுங்க. அந்த இடத்துலயே புடவையில ஒண்ணு, ரெண்டு இழையை மட்டும் கோத்து, மறுபடியும் மடிப்புக்குள்ள போங்க. நூலை இறுக்கவே கூடாது. இறுக்கினா வெளிப்பக்கம் குழி குழியா தெரியும்.

பொறுமை இல்லையா? டெய்லர்கிட்ட 'மேல் ஓரம் கைத்தையல்'னு சொல்லியே கொடுங்க. கூலி கூடத்தான் கேட்பாங்க. ரெண்டரை மீட்டர் ஃபால்ஸுக்கு அரை சென்டிமீட்டருக்கு ஒண்ணுன்னு வெச்சாலே 500 தையலாச்சே!