தண்ணீர்மலை ஏறியவருக்கும் கினபாலுவில் தலை வலிப்பது ஏன்?

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் நிற்காமல் ஏறுபவர்கூட, சபா மாநிலத்தின் 4,095 மீட்டர் கினபாலு மலையில் தலைவலியோடு உட்கார்ந்துவிடுவதுண்டு. ஏன்?

காற்றில் ஆக்சிஜன் அங்கும் 21 சதவீதம்தான். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. கினபாலு உச்சியில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதமே. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது; அதை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சு விடுகிறது. கரியமில வாயு அதிகம் வெளியேறி இரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது; உடனே மூளை மூச்சைக் கட்டுப்படுத்துகிறது. சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றிச் சமன்செய்யச் சில நாட்கள் ஆகும். தசை வலிமை இதை விரைவுபடுத்தாது; அதுவரை ஆக்சிஜன் போதாமல் தலை வலிக்கலாம்.

எப்படித் திட்டமிடுவது? 833 மீட்டர் பினாங்கு மலையில் வாராவாரம் ஏறி இறங்குங்கள். கால் பழகும், உயரம் பழகாது. ஆகவே ஏறும் முன் கினபாலு பூங்கா அருகே, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஓரிரு இரவு தங்குங்கள். பேச்சு தடைபடாத வேகத்தில் நடங்கள். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினால் உடனே கீழே இறங்குவதே முதல் சிகிச்சை.