கூடைப்பந்தில் யார் பெரியவர்?

சிவாஜியா எம்.ஜி.ஆரா என்று சண்டை போட்டு வளர்ந்த தலைமுறை நான். இளையராஜாவா ரஹ்மானா என்று என் மகன் காலத்தில் நடந்தது. சென்ற பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு நாக்பூருக்கு வந்திருந்தபோது, சர்க்கரைப் பொங்கல் ஆறுவதற்குள் வீட்டில் வேறொரு வழக்கு தொடங்கிவிட்டது. மைக்கேல் ஜோர்டானா, லெப்ரான் ஜேம்ஸா? உலகக் கூடைப்பந்து சரித்திரத்திலேயே பெரிய ஆட்டக்காரர் யார்?

மகனுக்கு வயது நாற்பது. தொண்ணூறுகளில் ரயில்வே காலனி வீட்டுக்குக் கேபிள் டி.வி. வந்த புதிதில், அதிகாலையில் எழுந்து சிகாகோ புல்ஸ் ஆட்டம் பார்த்த பையன். பேரனுக்குப் பதினான்கு. அவன் கைத்தொலைபேசியில் லெப்ரான் ஜேம்ஸைத் தவிர வேறு தெய்வம் இல்லை. இருவரும் பாதி ஆங்கிலம், பாதி இந்தியில் மோதிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: "இந்த வீட்டில் வாதம் என்றால் தமிழில்தான். நான் நடுவர்."

பேரன் கொஞ்சம் முனகினான். ஆனால் லெப்ரானுக்காகத் தமிழ் பேசச் சம்மதித்தான். மூன்று நாள் விடுமுறையில் அவன் பேசிய தமிழ், முந்தைய மூன்று வருடத்தில் பேசியதைவிட அதிகம். இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அது.

இரு தரப்பு வாதங்கள்

பேரன் கட்சி முதலில். லெப்ரான் ஜேம்ஸ் 2003-இல், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அமெரிக்காவின் என்.பி.ஏ. பந்தயத்துக்கு வந்தவர். கரீம் அப்துல்-ஜப்பார் 38,387 புள்ளிகளோடு ஏறக்குறைய 39 ஆண்டுகள் வைத்திருந்த சாதனையை 2023 பிப்ரவரி 7 அன்று முறியடித்தார். அடுத்த ஆண்டே 40,000 புள்ளிகளைத் தாண்டிய முதல் மனிதரானார். மூன்று வெவ்வேறு அணிகளுக்கு ஆடி நான்கு முறை சாம்பியன். 2016 இறுதிச் சுற்றில் எதிரணி 82 ஆட்டங்களில் 73-ஐ வென்று வந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கியிருந்த கிளீவ்லண்ட் அணியைத் தூக்கி நிறுத்தி ஜெயிக்க வைத்தார். "இதுக்கு மேல என்ன வேணும், தாத்தா?"

மகன் சிரித்துக்கொண்டே எழுந்தான். "ஜோர்டான் ஆறு தடவை இறுதிச் சுற்றுக்குப் போனார். ஆறு தடவையும் ஜெயித்தார். ஒரு தடவைகூட ஏழாவது ஆட்டம் வரைக்கும் இழுக்க விடவில்லை. ஆறிலும் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். லெப்ரான் பத்துத் தடவை போய் ஆறு தடவை தோற்றவர் அப்பா!" ஜோர்டான் பத்துப் பருவங்களில் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றவர். ஆட்டத்துக்குச் சராசரி 30 புள்ளி. 1988-இல் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும், சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதையும் சேர்த்தே வாங்கினார். அடிப்பவனும் அவனே, தடுப்பவனும் அவனே என்றால் வேறு யாரை எதற்கு நிறுத்துவது என்பது அவன் வாதம்.

அதற்குள் சமையலறையிலிருந்து மருமகளின் குரல் வந்தது: "பொம்பளைங்க ஆடினா அது கூடைப்பந்து இல்லையா?" பள்ளியில் ஆடியவள் அவள். கேள்வி நியாயம்தான். அமெரிக்கப் பெண்கள் அணி 1996 முதல் 2024 வரை எட்டு ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து தங்கம் வென்றிருக்கிறது. அதில் ஆறு தங்கங்களில் பங்கு கொண்டவர் டயானா டோராசி. ஜோர்டானுக்கு ஒலிம்பிக் தங்கம் இரண்டு, லெப்ரானுக்கு மூன்று. ஆண்கள் இருவரும் சற்று நேரம் பொங்கலில் கவனம் செலுத்தினார்கள்.

அளவுகோல் எது?

நான் தண்டவாளப் பிரிவில் வேலை பார்த்தவன். டிப்ளமா முடித்துவிட்டு வேலையில் சேர்ந்த முதல் வாரம் கற்றுக்கொடுத்த பாடம், எதையும் அளப்பதற்கு முன்னால் அளவுகோலைச் சரிபார் என்பது. அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். காஷ்மீரிலும் அதே, கன்னியாகுமரியிலும் அதே. அதனால்தான் ஒரே பெட்டி இரண்டு ஊருக்கும் ஓடுகிறது. கூடைப்பந்தின் கதை அப்படியில்லை. 1891-இல் ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக் கூடையை மாட்டி ஆரம்பித்த ஆட்டம், நடுவழியில் பல தடவை பாதை மாறியிருக்கிறது.

1950 நவம்பரில் ஒரு என்.பி.ஏ. ஆட்டம் 19-18 என்று முடிந்தது. முன்னணியில் இருக்கும் அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம் என்ற நிலை. இதைத் தீர்க்க 1954-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஓர் ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 வினாடி. விறுவிறுப்பான ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 தடவை கூடைக்கு எறியும். வகுத்தால் 24. ஆகவே 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று விதி வந்தது. இத்தனை எளிய வகுத்தல் கணக்கு ஓர் ஆட்டத்தையே காப்பாற்றியதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷம். தூரத்திலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்ற விதியோ என்.பி.ஏ.வுக்கு 1979-இல்தான் வந்தது. ஸ்டீபன் கரி 2015-16 பருவத்தில் மட்டும் 402 முறை அப்படி எறிந்து குவித்தார். அறுபதுகளில் அதே தூரத்திலிருந்து எறிந்தவனுக்கு இரண்டே புள்ளி.

வெறும் எண்ணிக்கைதான் அளவு என்றால் வழக்கு 1962-லேயே முடிந்துவிட்டது. ஏழடி ஓரங்குலம் உயரமுள்ள வில்ட் சேம்பர்லேன், அவ்வாண்டு மார்ச் 2 அன்று ஹெர்ஷி என்ற சிற்றூரில் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். பார்த்தவர்கள் 4,124 பேர்தான். அதன் படச்சுருள் கிடையாது. அந்தப் பருவம் முழுவதற்கும் அவருடைய சராசரி 50.4. அதை இன்றுவரை எவரும் நெருங்கவில்லை.

ஆனால் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது சேம்பர்லேனுக்குக் கிடைக்கவில்லை. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸ்ஸலுக்குக் கிடைத்தது. அப்போது அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் சக ஆட்டக்காரர்கள். தினமும் களத்தில் இருவரோடும் தோள் உரசியவர்கள், ஐம்பது புள்ளிக்காரரை விட்டுவிட்டு இவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

என் கட்சிக்காரர்

பாலிடெக்னிக்கில் எங்கள் பி.டி. மாஸ்டர் ரஸ்ஸலின் பெயரை அடிக்கடி சொல்வார். உயரம் குறைந்த நான் பந்தை வாங்கி அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குகிற ரகம். புள்ளி எடுக்காமலும் பெரிய ஆளாக முடியும் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ரஸ்ஸல் 13 பருவங்கள் ஆடினார். 11 முறை சாம்பியன். கடைசி இரண்டு முறை ஆட்டக்காரரும் பயிற்சியாளரும் அவரே. தொடரின் தலைவிதியைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம் பத்து முறை ஆடி, பத்திலும் வென்றவர். 1966-இல் என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினப் பயிற்சியாளரானார். 1961-இல் ஒரு காட்சிப் பந்தயத்துக்குப் போன ஊரில், கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு உணவு பரிமாற மறுத்தபோது, ஆடாமலே ஊருக்குத் திரும்பினார்.

பேரன் உடனே கைத்தொலைபேசியைத் தட்டிப் பார்த்தான். "தாத்தா, ஆவரேஜ் வெறும் 15 பாயிண்ட்! சரி, எதிராளி எறியிற பந்தை எத்தனை தடவை மறிச்சிருக்கார்? அதுவாவது சொல்லுங்க."

"அது தெரியாதப்பா. யாரும் எண்ணவில்லை."

உண்மை. எறிந்த பந்தை நடுவழியில் மறிப்பதை என்.பி.ஏ. 1973-74 பருவத்திலிருந்துதான் கணக்கில் எழுத ஆரம்பித்தது. ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969-இல். அந்த வித்தையை ஒரு கலையாக்கிய மனிதரின் கணக்கில் அந்தப் பத்தியே இல்லை. மறித்ததையாவது யாராவது பழைய படங்களைப் போட்டுப் பார்த்து எண்ணலாம். அவர் நிற்கிறார் என்று பயந்து எறியாமலே விட்ட பந்துகளை எப்படி எண்ணுவது?

"எண்ணாததை எப்படி நம்புறது?" என்றான் பேரன். அந்தக் கேள்விக்குப் பதிலாக என் வேலைக்காலத்துக் கதை ஒன்றைச் சொன்னேன். வீட்டில் யாருக்கும் அதுவரை சொன்னதில்லை.

இரண்டு கீமேன்கள்

தண்டவாளத்தில் தினமும் நடந்து போய்ச் சாவிகளையும் போல்ட்டுகளையும் முடுக்கி, விரிசல் பார்த்து வருபவர் கீமேன். தொண்ணூறுகளில் என் பிரிவில் பக்கத்துப் பக்கத்து பீட்டுகளில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு ஜனவரி விடியற்காலையில், குளிரில் தண்டவாளம் முறிந்திருப்பதை முதலாமவர் பார்த்தார். சிவப்புக் கொடி காட்டி, வந்துகொண்டிருந்த பாசஞ்சர் வண்டியை நிறுத்தினார். நான் சிபாரிசு எழுதினேன். ரயில்வே வார விழாவில் அவருக்குப் பரிசு கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான்.

இரண்டாமவர் பீட்டில் ஒன்றுமே நடந்ததில்லை. முறிவு இல்லை, தளர்ச்சி இல்லை, புகார் இல்லை. அந்தப் பகுதியில் டிராலியில் போகும்போது எனக்குக் கண்ணயரும். வருடா வருடம் சிபாரிசுப் பட்டியல் எழுதும்போது அவர் பெயர் என் ஞாபகத்துக்கே வந்ததில்லை. அவரைப் பற்றி எழுத என்ன இருந்தது?

அவர் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, இரண்டு வார்த்தை பேசி அனுப்பினேன். அடுத்த ஆறு மாதத்தில் அதே பீட்டில் டிராலி குலுங்க ஆரம்பித்தது. தளர்ந்த போல்ட்டுகள், விழுந்து கிடக்கும் சாவிகள், இணைப்புத் தகட்டில் விரிசல். தண்டவாளம் அதேதான். வண்டிகளும் அவைதான். ஆள் மட்டும் மாறியிருந்தார். நடக்காமல் தடுத்ததை எழுத என் பதிவேட்டில் பத்தி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ரஸ்ஸல் விஷயமும் அதே மாதிரிதான். அவர் விலகிய மறு பருவத்தில், அதற்கு முன் சாம்பியனாக இருந்த செல்டிக்ஸ் 34 ஆட்டம் வென்று 48-இல் தோற்றது.

கதையைக் கேட்டு ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். வழக்கை நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

பேரன் போட்ட கிடுக்கிப்பிடி

"அப்படின்னா ஆள் போன பிறகு என்ன ஆச்சுன்னு பார்க்கணும், அவ்வளவுதானே?" என்றான் பேரன். மறுபடி கைத்தொலைபேசி. "2010-இல் லெப்ரான் கிளீவ்லண்டை விட்டுப் போனார். 61 வெற்றி 19 ஆச்சு. திரும்பி வந்து 2018-இல் மறுபடி போனார். 50 வெற்றி மறுபடி 19 ஆச்சு. ஜோர்டான் 1993-இல் போனபோது? 57 வெற்றி 55 ஆச்சு. ரெண்டே ரெண்டு!"

என் அளவுகோலாலேயே என்னை அடித்துவிட்டான். மகன் விடுவானா? "1998-இல் ஜோர்டான் இரண்டாவது தடவை போனார். 82 ஆட்டத்தில் 62 வென்ற புல்ஸ், அடுத்த பருவத்தில் 50 ஆட்டத்தில் 13-தான் வென்றது."

நடுவர் என்ற முறையில் நான் குறுக்கிட வேண்டியதாயிற்று. 1998-இல் ஜோர்டானோடு பிப்பன், ராட்மன், பயிற்சியாளர் பில் ஜாக்சன் எல்லோரும் போய்விட்டார்கள். 2010-இல் கிளீவ்லண்டிலும் பயிற்சியாளர் உட்படப் பலர் மாறினார்கள். என் கட்சிக்காரர் கதையும் சுத்தமில்லை. 1969-இல் ரஸ்ஸலோடு சாம் ஜோன்ஸ் என்ற பெரிய ஆட்டக்காரரும் விலகினார். அணி இழந்தது ஆட்டக்காரரை மட்டுமல்ல, பயிற்சியாளரையும். கீமேன் போன அதே மாதம் தண்டவாளத்தையும் மாற்றிவிட்டால், குலுக்கலுக்கு யார் காரணம் என்று சொல்ல முடியாது.

ரஸ்ஸலுக்கு எதிராக இன்னும் இரண்டு சங்கதிகளை நானே ஒப்புக்கொண்டேன். அவர் வந்தபோது இருந்தவை எட்டே அணிகள், இன்று முப்பது. அவருடைய பெரும்பாலான பருவங்களில் பிரிவில் முதலிடம் பெற்ற அணி இரண்டு தொடர் வென்றால் சாம்பியன். ஜோர்டானும் லெப்ரானும் நான்கு சுற்றுகளைக் கடக்க வேண்டியிருந்தது.

ஆக, என் தீர்ப்பு இதுதான். ஆட்டத்தின் எல்லாக் கலைகளிலும் தேர்ந்தவர் என்றால் ஜோர்டான். இருபது வருடத்துக்கு மேல் உச்சியிலேயே நின்றவர் என்றால் லெப்ரான். ஒரு அணிக்கு ஒரே ஒருவரைத்தான் எடுக்கலாம் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால், நான் எடுப்பது ரஸ்ஸலை. காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். அதில் என் சொந்தக் கடனும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு பேரன் ஒரு நாள் இரவு போன் செய்தான். நான் கேட்காமலே தமிழில் பேசினான். "தாத்தா, இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது இருக்கில்ல? அது 1969-லதான் ஆரம்பிச்சது. அந்த வருஷம் ஜெயிச்சது ரஸ்ஸல் டீம். ஆனா விருது தோத்த டீம்ல இருந்த ஜெர்ரி வெஸ்டுக்குப் போச்சு. அதோட ரஸ்ஸல் ரிட்டயர் ஆயிட்டார். 2009-இல் அந்த விருதுக்கு அவர் பேரையே வெச்சுட்டாங்க. ஜோர்டான்கிட்ட அது ஆறு இருக்கு, லெப்ரான்கிட்ட நாலு இருக்கு. ரஸ்ஸல்கிட்ட ஒண்ணுகூட இல்லை, தாத்தா."

கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "அந்த ரெண்டாவது கீமேனுக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணும் கொடுக்கலையா?"

"இல்லையப்பா" என்றேன். பிரிவுபசார நாளில் நான் சொல்லியிருக்க வேண்டியதை முப்பது வருடம் கழித்து இந்தப் பக்கங்களில் சொல்லியிருக்கிறேன். அவர் இதைப் படிக்கப்போவதில்லை. தமிழ் அவருக்குத் தெரியாது.

உங்கள் வீட்டு வழக்கில் யார் கட்சி ஜெயித்தது என்று ஆசிரியருக்கு எழுதுங்கள். வாதம் மட்டும் தமிழில் நடக்கட்டும்.