இணையக் கடைக்கு இடம் தேர்தல்

வாணிகம் செய்வோர்க்கு முதற்கண் வேண்டுவது நல்ல இடம். மக்கள் நடமாட்டமில்லாத மூலையில் கடை திறப்பின், எத்துணை உயர்ந்த சரக்கு இருப்பினும் அதனை வாங்குவார் இலர். பண்டை நாள் முதல் வணிகர்கள் பெருவழிகளையும் துறைமுகங்களையும் கோயில் நகரங்களையும் நாடிச் சென்றமைக்கு இதுவே காரணம்.

கெடில ஆற்றங்கரையில் அமைந்த திருவதிகை, வீரட்டானேசுவரர் கோயிலாற் புகழ்பெற்றது. அதனை அடுத்துள்ள பண்ருட்டி, பலாவிற்கும் முந்திரிக்கும் பெயர்போனது. இவ்வட்டாரத்து முந்திரி வணிகர் ஒருவர், வெளியூர் மக்களும் தம்மிடம் நேரே சரக்குப் பெறுமாறு இணையதளம் ஒன்று தொடங்க எண்ணுகிறார் என்று கொள்வோம். பருப்பின் படம், தரம், விலை, பணம் செலுத்தும் முறை ஆகியவை அத்தளத்தில் இடம்பெறும். இக்கடைக்கும் இடம் வேண்டும். அவ்விடம் எத்தகையது? அதனைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

இணையதளம் என்பது கோப்புகளின் தொகுதி. அக்கோப்புகள் இரவும் பகலும் ஓயாது இயங்கும் ஒரு கணிப்பொறியில் இருத்தல் வேண்டும். கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்து வழங்குதலின் அப்பொறிக்கு ‘வழங்கி’ என்று பெயர். ‘சர்வர்’ என்றும் கூறுவர். அதனைத் தம் கடையிலேயே வைத்துக்கொள்ளலாகாதோ எனின், அதில் இடர் உண்டு. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வீழ்ந்தன, பல ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. அத்தகைய நாளில் கடையில் உள்ள வழங்கியும் நின்றுவிடும். வெளியூரிலிருந்து பார்ப்பவர்க்குக் கடையே இல்லாதது போல் தோன்றும். ஆகவேதான், இடையறாத மின்சாரமும் குளிர்ச்சியும் காவலும் விரைவான இணைப்பும் அமைத்து, வழங்கிகளைப் பேணி, அவற்றில் வாடகைக்கு இடம் தரும் நிறுவனங்களை வணிகர்கள் நாடுகின்றனர். இவ்வாறு இடம் தருதலை ‘ஹோஸ்டிங்’ என்பர்.

இவ்விடம் மூவகைப்படும். ஒரே வழங்கியைப் பலர் பகிர்ந்துகொள்ளுதல் முதல் வகை. இது சத்திரத்தில் தங்குவது போன்றது, செலவு குறைவு, ஆயினும் அண்டையிலிருப்பவர் தளத்தில் கூட்டம் மிகுந்தால் நம் தளமும் தளரக்கூடும். ஒரு வழங்கியைப் பல தடுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொருவர்க்கும் உரிய அளவை வரையறுத்துத் தருதல் இரண்டாம் வகை. முழு வழங்கியையும் ஒருவரே பெறுதல் மூன்றாம் வகை. சிறு வணிகர்க்குத் தொடக்கத்தில் முதல் வகையே பெரும்பாலும் போதும். வாணிகம் வளருங்கால் அடுத்த வகைக்கு எளிதில் மாற இயலுமா என்பதை மட்டும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

நிறுவனங்கள் கூறும் சொற்களைக் கணக்கிட்டு நோக்குதல் நன்று. “எங்கள் வழங்கி 99 விழுக்காடு நேரம் இயங்கும்” என்று ஒருவர் கூறினால், அது நிறைவானது போல் தோன்றும். ஓர் ஆண்டிற்கு 8,760 மணி நேரம். அதில் ஒரு விழுக்காடு 87 மணிக்கும் மேல். அஃதாவது, மூன்றரை நாளுக்கு மேல் கடை மூடியிருக்கும். 99.9 விழுக்காடு எனின், மூடியிருக்கும் நேரம் ஆண்டிற்கு 9 மணிக்கும் குறைவு. புள்ளிக்குப் பின் வரும் ஓர் எண் இத்துணை வேறுபாட்டை உண்டாக்குகிறது.

தொலைவும் கருதத்தக்கது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். எனினும் ஒரு பக்கம் திறப்பதற்குள் செய்தி பலமுறை போய்வருதல் வேண்டும். ஆதலின், வாங்குவோர் தமிழ்நாட்டில் இருப்பின், வழங்கி அமெரிக்காவில் இருப்பதினும் சென்னையிலோ மும்பையிலோ இருப்பது நலம்.

விலையிலும் விழிப்பு வேண்டும். முதலாண்டிற்குச் சிறுதொகை பெற்று, மறு ஆண்டு பன்மடங்கு கேட்போர் உளர். ஆகவே, புதுப்பிக்கும் கட்டணத்தையே உண்மை விலையாகக் கொள்க. வாடிக்கையாளர் தரும் செய்திகளைப் பிறர் படிக்காவண்ணம் மறைத்து அனுப்புதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று தேவை. ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்னும் சேவை 2015ஆம் ஆண்டு முதல் அதனை விலையின்றி வழங்கி வருகிறது. இதற்கெனப் பெருந்தொகை கேட்பவரிடம் காரணம் வினவுதல் தகும். பணம் கட்டுமுன் ஓர் ஐயத்தை எழுதிக் கேட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனையாகும். வாங்க வருபவர்க்கே விடை தாராதவர், பின்னர் இடர் வந்தபோது உதவுவார் என்று எதிர்பார்த்தல் அரிது.

இவற்றினும் முதன்மையானவை இரண்டு. ஒன்று, ‘டொமைன்’ எனப்படும் தளப்பெயர். அது கடையின் பெயர்ப்பலகை. தளத்தை அமைத்துத் தருபவரின் பெயரில் அதனைப் பதியவிடாது, வணிகர் தம் பெயரிலேயே பதிந்துகொள்ளல் வேண்டும். பெயர் தம்மிடம் இருப்பின், இடம் ஒவ்வாதபோது வேறிடம் செல்லலாம். வாடிக்கையாளர் பழைய பெயரைக் கொண்டே வந்து சேர்வர். பெயர் பிறரிடம் இருப்பின், கடையே அவர் கையில் சிக்கியதாகும்.

மற்றொன்று, படியெடுத்து வைத்தல். 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், பிரான்சு நாட்டின் சிட்ராசுபூர்க்கு நகரில், ஓ.வி.எச். நிறுவனத்தின் வழங்கிக் கூடம் ஒன்று தீக்கிரையாயிற்று. எண்ணற்ற தளங்கள் நின்றன. வேறிடத்தில் படி வைத்திருந்தோர் விரைவில் மீண்டனர். வைக்காதோருள் சிலர் யாவற்றையும் இழந்தனர். பெரிய நிறுவனத்திடம் இருக்கிறது என்பது மட்டும் காப்பாகாது.

இவ்வுண்மை தமிழர்க்குப் புதிதன்று. திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடத் தொடங்கிய பதிகங்களும் ஏனைய தேவாரப் பாடல்களும் அடங்கிய ஏடுகள், தில்லைக் கோயிலின் அறை ஒன்றில் பூட்டிக் கிடந்தன என்றும், சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் கண்டபோது அவற்றுட் பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது என்றும் மரபு கூறும். ஆயினும், ஏடுகளில் காணப்படாத சம்பந்தர் பதிகம் ஒன்று, திருவிடைவாய்க் கோயிற் கல்வெட்டில் இருந்தமையால் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிடைத்தது. ஏட்டில் மறைந்ததைக் கல் காத்தது. இரண்டாம் படியின் பயன் இதுவே.

ஆதலின், முந்திரி வணிகர் இடத்தை வாடகைக்குப் பெறலாம். பெயரையும் படியையும் பிறர் பொறுப்பில் விட்டுவிடலாகாது. இவ்விரண்டையும் தம் கையில் வைத்திருப்பவர், எந்நிறுவனம் தவறினும் மறுநாளே வேறோரிடத்தில் கடை திறக்க வல்லவராவார்.